ஸ்காட்லாந்து அரசி பரிமாறிய இடியாப்பம்

நாடக ரத்தம் தயாரிப்பது சுலபம். சோளப் பாகு இரண்டு பாட்டில், கேக்கில் கலக்கும் சிவப்புச் சாயம் அரைப் புட்டி, நிறம் கொஞ்சம் கருக்க ஒரு ஸ்பூன் காபித் தூள். ஃப்ரீமான்ட் ஊரில் ஒரு வீட்டு கராஜில், பழைய பெயின்ட் வாளியில், துடைப்பக் கட்டையால் அதைக் கலக்கியவன் நான்தான். கலக்கும்போது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் காலை உணவுக் கடையில் பக்கத்து மேஜைக்காரர் பான்கேக் மேல் பாகை ஊற்றினால், அந்த இனிப்பு வாசனை என்னை உட்கார விடுவதில்லை. பாதித் தட்டில் எழுந்து போயிருக்கிறேன்.

அந்த ரத்தம் ஒரு ஸ்காட்லாந்து அரசனின் கதைக்காகத் தயாரானது. பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். விருந்தாளியாக வந்த வயதான அரசனைத் தூக்கத்தில் குத்திக் கொன்று சிம்மாசனம் ஏறுகிறான் ஒரு தளபதி. தூண்டிவிடுகிறவள் அவன் மனைவி. சூனியக்காரிகள், பேய், கடைசியில் கெட்ட சாவு. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இதைத் தமிழில் போடுவதென்று சங்கத் தலைவர் முடிவு செய்தார். அவரே டைரக்டர். மெட்ராஸில் கல்லூரி நாட்களில் சபா நாடகங்களில் மூன்றாவது போலீஸ்காரனாக நின்றுவிட்டுப் போனவர். இங்கே வந்து எஞ்சினியராகி, சங்கத்துக்குத் தலைவராகி, கையில் ஒரு மேடையும் கிடைத்ததும் பழைய ஆசை எழுந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் அவரை டைரக்டர் அங்கிள் என்றோம். அரசி வேஷம் அவர் மனைவிக்கு. கதை வசனம் எழுத ஆள் தேடினார்கள். நான் மாட்டினேன். இல்லை, நானே போய்த் தலையைக் கொடுத்தேன்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. குபெர்டினோவில் சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. வேலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும், மூளை முடியாது. எதையாவது கையில் எடுத்தால் அதன் வேர் வரைக்கும் தோண்டாமல் விடமாட்டேன். நாடகத்தை எழுதச் சொன்னால் எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே? நான் நூலகத்துக்குப் போனேன். அந்த அரசன் உண்மையிலேயே இருந்தவனா என்று பார்க்க.

இருந்தவன். பதினோராம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைப் பதினேழு வருஷம் ஆண்டவன். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் பதினேழு வருஷம் என்பது லேசான விஷயம் இல்லை. முக்கால்வாசிப் பேர் நாற்காலி சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவன் கொன்றதாகச் சொல்லப்படும் அரசன் கிழவனே இல்லை. இளவயதுக்காரன், தெற்கே ஒரு படையெடுப்பில் தோற்றுத் திரும்பியவன், பிறகு வடக்கே இவன் நாட்டுக்குள் படையோடு வந்தவன். பட்டப்பகலோ சாயங்காலமோ தெரியாது, ஆனால் போர்க்களத்தில் செத்தான். படுக்கையில் இல்லை. விருந்து இல்லை, கத்தி இல்லை, தூக்கம் இல்லை. ஆட்சி நடுவில் இவன் ரோமாபுரிக்கு யாத்திரை போய், அங்கே ஏழைகளுக்கு விதை தூவுவதுபோலக் காசை வாரி இறைத்திருக்கிறான். நாட்டை விட்டு அவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார முடிந்ததென்றால் வீட்டில் எவ்வளவு அமைதி இருந்திருக்க வேண்டும்.

அவன் மகான் என்று சொல்ல வரவில்லை. அவன் மனைவியின் முதல் கணவன் ஆட்களோடு சேர்த்து எரிக்கப்பட்டான்; அதில் இவன் கை இருந்திருக்கலாம் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். அந்தக் காலத்து அரசன், அவ்வளவுதான். ஆனால் நாடகத்தில் வருகிற அந்த நல்ல நண்பன், பேயாக வந்து விருந்தில் உட்காருகிறவன், அப்படி ஓர் ஆளே கிடையாது. நாடகம் எழுதப்பட்டபோது லண்டனில் ஆண்ட அரசன் ஸ்காட்லாந்துக் குடும்பத்தவன். அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல மூதாதை வேண்டியிருந்தது. யாரோ பழைய வரலாற்றாசிரியன் ஒருவன் இட்டுக் கட்டினான், நாடகக்காரர் மெருகேற்றினார். அந்த லண்டன் அரசனுக்குச் சூனியக்காரிகள் என்றால் ஒரு பைத்தியம், அதனால் சூனியக்காரிகள். ஆளுகிறவன் முகம் மலர, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த ஒருவனைக் கொலைகாரனாக்கி, அவன் பெண்டாட்டியைப் பேயாக்கி, அதைப் பார்த்து உலகமே கை தட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அருவருப்பாக இருந்தது. நிஜமாகவே. நூலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெராக்ஸ் தாள்களைப் பார்த்தபோது, மகா கலைஞன் என்று தலையில் வைத்துக் கொண்டாடியது ஒரு அரண்மனை ஜால்ராவையா என்று இருந்தது. யார் கிடைத்தாலும் பிடித்து வைத்துச் சொன்னேன். ரூம்மேட்டுக்குச் சொன்னேன். ஆபீஸில் வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னேன். டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். ஃப்ரீமான்டில் வீடு. ஐம்பது வயதிருக்கும். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்ததும், வரவேற்பறையில் பாய் விரித்துப் பதினொரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். நான் பெரிய பிள்ளைகளுக்கு வாசிப்பு பார்க்கிறேன் என்ற சாக்கில் போவேன். உண்மையில் போனது மத்தியானச் சாப்பாட்டுக்கு. இடியாப்பம், தேங்காய்ப் பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட சொதி, சம்பல். பரிமாறும்போது மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொள்வார். சொதியை எடுத்ததும் அகப்பையைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார், டக் டக் என்று. பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இன்னும் ஒண்டு போடட்டே, தம்பி?" என்பார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அந்த வருஷம் டீச்சருக்கு ஒரே ஒரு கவலை. பதினொரு பிள்ளைகளுக்கு மேல் அந்த அறை கொள்ளாது. ஊரிலிருந்து புதிதாக வந்துகொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகளோ காத்திருந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பறையைத் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் தனி ஆளுக்குத் தராது, பதிவு செய்த சங்கம் கடிதம் கொடுக்கவேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஆண்டு விழா அன்று நடக்கும் பொதுக்குழுவில் ஒப்புதல் வேண்டும். கரும்பலகை உள்ள ஓர் அறை. அவர் கேட்டது அவ்வளவுதான்.

என் ஸ்காட்லாந்துப் பிரசங்கத்தை டீச்சர் முழுசாகக் கேட்டார். அவர் கணவர், அதிகம் பேசாதவர், எழுந்துபோய்ப் பேப்பர் எடுத்துக்கொண்டார்.

"பாவம் அந்த மனுசி," என்றார் டீச்சர். "அவவைப் பற்றி ஆரும் நல்லதா ஒண்டும் எழுதேல்லையே?"

"ஒரே ஒரு எடத்துல வர்றாங்க டீச்சர். ஒரு ஏரித் தீவுல இருந்த துறவிகளுக்கு ராஜாவும் ராணியும் சேர்ந்து நிலம் குடுத்திருக்காங்க. அவ்வளவுதான் பதிவு. மத்ததெல்லாம் கட்டின கதை."

"அப்ப அதை உங்கட நாடகத்தில எழுதுங்கோவன்."

"கண்டிப்பா எழுதறேன் டீச்சர்."

எழுதவில்லை.

டைரக்டர் அங்கிளிடம் முதலில் உண்மைக் கதையைத்தான் கொண்டுபோனேன். ஜெராக்ஸ் கட்டோடு போனேன். அவர் இரண்டு தாளைப் புரட்டிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பதினேழு வருஷம் ஒழுங்கா ஆண்டான்னு டிராமா போட்டா எவன்டா உக்காந்து பார்ப்பான்? இன்டர்வெல்லுக்கு முன்னாடியே பார்க்கிங் லாட் ஃபுல்லா ஹெட்லைட் எரியும்."

"ஆனா அதுதானே அங்கிள் நெஜம்?"

"நெஜத்தை சோவனீர்ல எழுது. ரெண்டு பக்கம் தரேன். மேடைக்குக் கொலை வேணும், பொம்பளை வேணும், லோக்கல் டச் வேணும். பார்க்கறவனுக்கு 'அட, இது நம்ம ஆளு'ன்னு தோணணும். அப்பத்தான் கை தட்டுவான். புரியுதா?"

இங்கே சங்க நாடகங்களுக்கு இது எழுதாத சட்டம். யாராவது ஒருவருடைய நடை, யாராவது ஒருவருடைய கார், யாராவது ஒருவர் மனைவியைக் கூப்பிடும் விதம் மேடைக்கு வரும். அதற்குத்தான் சிரிப்பு. சிரிக்கிறவர்கள் எல்லாரும் சம்பந்தப்பட்டவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவரும் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

சரி, எழுதினேன். மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். கொலைக்கு முன்பு அரசி விருந்தாளிக்குப் பரிமாறும் காட்சி மட்டும் வரவே இல்லை. கட்டை கட்டையாக நின்றது. ஸ்காட்லாந்தில் பதினோராம் நூற்றாண்டில் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பரிமாறினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பரிமாறுகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்து நன்றாகப் பரிமாறுகிறவர் ஒருவர்தான். கை தானாக எழுதிற்று. மூக்குக் கண்ணாடி இல்லாத காலம் என்பதால் அதை விட்டேன். அரசன் தட்டில் இடியாப்பம் வைத்தேன், அகப்பையை இரண்டு தட்டு தட்டினேன். தலையைச் சாய்த்தேன். "இன்னும் ஒன்று போடட்டுமா, அரசே?" என்று எழுதினேன். காட்சி உயிர் பெற்று எழுந்தது. நான் எழுந்து அறைக்குள் நடந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

டைரக்டர் அங்கிள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கடைக்காரன் எதிர்பாராமல் நல்ல சரக்கைப் பார்த்த பார்வை.

"டேய், நீ பயங்கரமான ஆளுடா," என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அதிலேயே மிதந்தேன். அந்தக் காட்சியில் அவருக்கு என்ன தெரிந்தது என்பது மூன்று வாரம் கழித்து, கராஜ் ஒத்திகையில்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம். நான் ரத்தம் கலக்கிக்கொண்டிருக்கிறேன். டைரக்டர் அங்கிளின் மனைவி அரசியாக வந்தார். தலைமேல் மூக்குக் கண்ணாடி. நான் எழுதாத, ஆனால் சங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த மூக்குக் கண்ணாடி. அகப்பையை எடுத்துச் சட்டியில் தட்டினார், டக் டக். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, குரலை மூக்கில் ஏற்றி, "இன்னும் ஒண்டு போடட்டே, அரசே?" என்றார். கராஜில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூனியக்காரி வேஷம் போட்ட ஒருவர் சலவை இயந்திரத்தின் மேல் சாய்ந்துவிட்டார். எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை. சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அது யார் என்று உறைத்தது.

"இது டீச்சர் மாதிரி இருக்கே அங்கிள்," என்றேன், அசடு மாதிரி.

"மாதிரியா? நீதானேடா எழுதின." அவர் என் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிப்போனார். கதை அப்போதுதான் வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் டீச்சரின் கணவர் சங்கத் தலைவராக இருந்திருக்கிறார். அவருக்கு முன்பு இருந்தவர் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர். "டீச்சர் அந்த டாக்டரை வீட்டுக்குக் கூப்பிட்டு, இடியாப்பமும் சொதியுமாப் போட்டு, கை கழுவறதுக்குள்ள ரிசைன் லெட்டர்ல சைன் வாங்கிட்டாங்க. ஊருக்கே தெரியும். அந்த மனுஷன் மனசு ஒடிஞ்சு ஹூஸ்டனுக்கே போயிட்டார். விருந்து வெச்சுக் கவுத்த கதைடா இது. நீ தெரிஞ்சு எழுதினியோ தெரியாம எழுதினியோ, கரெக்டா எழுதிட்ட."

"அந்த சீனை எடுத்துடலாம் அங்கிள்."

"எதை? அதுதான்டா டிராமாவே."

"அவங்க ரூம் விஷயம் பொதுக்குழுல வருது. அதே நாள்ல இப்படி..."

"அவங்க பேரைச் சொல்றோமா? ஹ்யூமரா எடுத்துப்பாங்க. நாமெல்லாம் படிச்சவங்கதானே?"

அவர் மனைவி அகப்பையோடு வந்து நின்றார். "ஆமா, அந்த க்ளாஸ் ஏன் அவங்க வீட்டு க்ளாஸாவே இருக்கணும்? சங்கமே நடத்தலாமே. எங்க பசங்க அங்க போயிட்டு வந்து 'ஆமா'ங்கறதுக்கு 'ஓம் ஓம்'னு பேசுதுங்க."

அந்த இடத்தில் நான் ஸ்கிரிப்டைத் திரும்பக் கேட்டிருக்கலாம். கையெழுத்துப் பிரதி என்னுடையது. அல்லது அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய், பத்து நிமிஷத்தில், இப்படி ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் ஞாயிறு. போனேன். இடியாப்பம் சாப்பிட்டேன். "நாடகம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். "நல்லாப் போகுது டீச்சர்," என்றேன். டக் டக். இன்னும் ஒன்று போட்டார்.

ஏன் சொல்லவில்லை? விழாவை வீடியோ எடுக்கப்போகிறார்கள், கேசட் மெட்ராஸுக்குப் போகும், அப்பாவும் அம்மாவும் 'கதை வசனம்' என்ற இடத்தில் என் பெயரைப் பார்ப்பார்கள் என்று கடிதம் எழுதிவிட்டிருந்தேன். அதற்குத்தான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. லண்டன் அரசன் முன்னால் நின்ற நாடகக்காரருக்காவது தலை போகும் பயம் இருந்திருக்கும்.

விழா நடந்தது ஒரு உயர்நிலைப் பள்ளி அரங்கத்தில். மடக்கு நாற்காலி, பக்கத்து ஜிம்மிலிருந்து வியர்வைக் காலுறை நாற்றம், அதன்மேல் அலுமினியத் தட்டுகளில் காத்திருந்த புளியோதரை வாசனை. கடவுள் வாழ்த்துப் பாடியது டீச்சரின் பதினொரு பிள்ளைகள். பாவாடையும் வேட்டியுமாக வரிசையில் நின்று, ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். முடித்ததும் இறங்கி முன்வரிசையில் டீச்சரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விழா மலரைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிக்கொடுத்த இரண்டு பக்க உண்மை வரலாறு கால் பக்கமாகச் சுருங்கி, ஒரு வீடு விற்பனை ஏஜென்டின் சிரித்த முகத்துக்குக் கீழே கிடந்தது. அரசி துறவிகளுக்கு நிலம் கொடுத்த வரி வருவதற்கு முன்பே இடம் தீர்ந்துபோயிருந்தது.

நான் மேடையின் பக்கவாட்டில் வாளியோடு நின்றேன். முன்வரிசை பத்தடி தூரம்தான். அரசி வந்தார், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினார். அப்போதே சிரிப்பு தொடங்கிவிட்டது. டக் டக். "இன்னும் ஒண்டு போடட்டே, அரசே?" அரங்கம் வெடித்தது. பின்வரிசைகளில் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள், மேடையை அல்ல, முன்வரிசையை. அரசியும் சும்மா விடவில்லை. மறுபடி மறுபடி, நாலு தடவை போட்டார். நான் எழுதியது ஒரு தடவை.

டீச்சருக்குப் பக்கத்தில் இருந்த ஏழு வயசுப் பெண் சந்தோஷத்தில் குதித்தாள். "டீச்சர், லுக், ஷீ இஸ் டூயிங் யூ."

டீச்சர் அவள் பாவாடையைச் சரிசெய்துவிட்டார். "ஓம் பிள்ளை. வடிவாச் செய்யிறா."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. சிரித்துத்தான் ஆகவேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் கணவர் விழா மலரை உருட்டிக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொலை. வாளியிலிருந்து இரண்டு கரண்டி பாகு விருந்தாளி அரசனின் வெள்ளைச் சட்டையில் போனது. அதற்கும் கை தட்டினார்கள். முடிவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என் உள்ளங்கை பிசுபிசுப்பு ஜரிகையில் ஒட்டிக்கொண்டது. குனிந்து வணங்கினேன். நிமிரும்போது முன்வரிசையைப் பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் பொதுக்குழு. பத்து நிமிஷ வேலை. மூன்றாவது விஷயம் வகுப்பறைக் கடிதம். டீச்சர் எழுந்தார். காகிதம் எதுவும் கையில் இல்லை.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் தந்தால் போதும். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம். பதினொரு பிள்ளைகள் இருக்கினம், இன்னும் ஆறு பேர்..."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், மூக்கில்: "இன்னும் ஒண்டு போடட்டே, டீச்சர்?"

அரங்கம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை நீளமாக, வயிறு பிடித்து, பசியும் சேர்ந்துகொண்ட சிரிப்பு. டீச்சர் அது முடியட்டும் என்று நின்றார். முடியவில்லை. டைரக்டர் அங்கிள் மைக்கில் தானும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரி சரி, எல்லாருக்கும் பசி. இதை கமிட்டில பேசிக்கலாம். சாப்பாடு ரெடி." நாற்காலிகள் மடங்கின. வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. எதிர்த்து ஒரு கையாவது தூக்கியிருந்தால் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

சத்தம் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது. வரி யாருடையது என்று தெரியும்.

இரண்டு மாதத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் சங்கத்தின் தமிழ் வகுப்பு தொடங்கியது. டைரக்டர் அங்கிளின் மனைவி நடத்தினார். கடிதம் ஒரே நாளில் போயிருந்தது. கேசட்டோ அதைவிட வேகமாகப் போனது. மௌரி அவென்யூ மளிகைக் கடையில், சினிமாக் கேசட்டுகளுக்குப் பக்கத்தில், 'நம்ம ஆண்டு விழா' என்று பேனாவில் எழுதி வைத்திருந்தார்கள். பருப்புப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் கல்லாவில் இருந்தவரிடம் பையை நீட்டி, "இன்னும் ஒண்டு போடட்டே?" என்றார். அந்தப் பாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஹூஸ்டனுக்குப் போன் போட்டேன், அந்தப் பழைய டாக்டருக்கு. எண்ணைத் தேட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"டின்னரா?" என்றார் அவர். "அவங்க வீட்டுல நான் ஒரு வேளை சாப்பிட்டதில்லையேப்பா. பார்க்ல பிக்னிக் நடந்துச்சு, எல்லாரும் கை தூக்கினாங்க, அவர் ஜெயிச்சார். எனக்கும் இங்க வேலை மாறிடுச்சு. நல்ல மனுஷன் அவர்." பிறகு அவரே கேட்டார், "நீதான் அந்த டிராமா எழுதினவனா? கேசட் இங்கயும் வந்துச்சு. ஹில்கிராஃப்ட் பக்கம் ஒரு கடையில எடுத்தோம். என் ஒய்ஃப் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அந்த இடியாப்ப சீன் பிரமாதம்."

பகல் வெளிச்சத்தில், பார்க்கில், கை தூக்கி. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த அரசனுக்கு நியாயம் கேட்டு, நூலகத்தில் மூன்று வாரம் தோண்டி, ஏரித் தீவுத் துறவிகள் வரைக்கும் போனவன் நான். பத்து மைல் தள்ளி, வாரா வாரம் எனக்குச் சோறு போட்ட பெண்ணைப் பற்றி ஒரு போன் போட்டு விசாரிக்கத் தோன்றவில்லை. நாடகக்காரராவது செத்தவளின் மேல்தான் சேற்றை வாரினார். அவள் எழுந்து வந்து முன்வரிசையில் உட்கார வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். சொல்லப்போனது விழா முடிந்த அடுத்த ஞாயிறு அல்ல. அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. ஹூஸ்டன் போன் முடிந்த பிறகு வந்த ஞாயிறு. அவர் கணவர் கதவைத் திறந்தார், நகர்ந்து வழி விட்டார். பாயில் மூன்று பிள்ளைகள். அந்த ஏழு வயசுக்காரி இல்லை. வகுப்பு முடியும்வரை மூலையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். காட்சியை நான்தான் எழுதினேன் என்பதை, கராஜில் தெரிந்தும் சொல்லாததை, டாக்டர் சொன்னதை. டீச்சர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்கள்தான் எழுதினதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், தம்பி," என்றார். "அகப்பை தட்டுறதை அவையள் ஆரும் காணேல்லை. என்ர வீட்டில இருந்து சாப்பிட்டவைக்குத்தான் தெரியும்."



"சரி, வாங்கோ. பசிக்கும்," என்றார்.

மேஜையில் எல்லாம் இருந்தது. இடியாப்பம், சொதி, சம்பல். நான் உட்கார்ந்தேன். டீச்சர் எதிரே வந்து நின்றார். மூக்குக் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. சொதிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மேஜை நடுவே, என் பக்கமாகத் தள்ளிவைத்தார். அகப்பையை அதற்குள் சத்தமில்லாமல் விட்டார்.

"எடுத்துச் சாப்பிடுங்கோ," என்றார்.

நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒன்று முடிந்தது. தட்டைப் பார்த்தபடி காத்திருந்தேன். டீச்சர் ஜன்னல் வழியாக, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் வேண்டுமா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் போன எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்கவில்லை.